ஆறு வருடத்துக்கு ஒரு துண்டு

மின்னஞ்சல் வந்தபோது இரவு மணி இரண்டு நாற்பது.
புதுவயலில் அந்நேரம் விழித்திருப்பவை
அரிசி ஆலைகளும் நானும்.
நெல் அவிக்கும் வாசனை கொசுவலைக்குள்ளும் வரும்.
“மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்” வரை படித்துவிட்டு
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
மறுநாள் விட்டு மறுநாள் இயற்பியல் பரீட்சை.
கொஞ்சம் கழித்து மீதியைப் படித்தேன்.

மூன்று வருடம் பட்டம், அதன்மேல் மூன்று வருடம்
பிசியோதெரபியில் முனைவர் படிப்பு.
நடுவே இன்னொரு விண்ணப்பம் கிடையாது.
பிளஸ் டூ முடிக்காத சபூரா
இருபத்தோரு வயதில் உட்காரப்போகும் இடத்தை
இன்றைக்கே பிடித்து வைத்திருக்கிறார்கள்.
மதிப்பெண் குறைந்தால் பிடித்தது செல்லாது
என்று சின்ன எழுத்தில்.

அத்தா கேட்டார், “டாக்டரா?”
டாக்டர்தான் அத்தா. ஊசி போடமாட்டேன்,
மாத்திரை எழுதமாட்டேன்.
“அப்ப என்னதான் செய்வே?”
மடங்காததை மடக்குவேன்.
“முதல்ல அந்த பேங்க் மேனேஜர மடக்கு” என்றார்.
அம்மா விடியும்வரை கேட்டது ஒன்றுதான்:
அங்கே ரொம்பக் குளிருமா?

நேர்காணலில், திரையில், வெள்ளை முடி அம்மையார்
பதினேழு வயதில் எப்படி இவ்வளவு உறுதி என்றார்.
மனப்பாடம் செய்ததைச் சொன்னேன்:
சேவை, இயக்கம், கண்ணியம்.
எனக்கே சலிப்பாக இருந்தது. அவர் குறித்துக்கொண்டார்.

வெள்ளைக்கண்ணுவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

காரைக்குடியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடி.
படியேறும்போது தேங்காய் பன், கதவைத் திறந்தால் தைலம்.
விண்ணப்பத்துக்கு நூறு மணி நேரம் பார்த்திருக்க வேண்டும்.
பார்க்கலாம், தொடக்கூடாது.
எட்டாவது மணி நேரத்தில் அவர் வந்தார்,
முப்பது வருடம் மூட்டை ஏற்றிய வலது தோள்
பூட்டிக்கொண்டு.
ரெஜினா மேடம் கோணமானி வைத்தார்: எண்பத்தாறு.
“கை தூக்க முடிஞ்சா என்ன செய்யணும் உங்களுக்கு?”
தலை சீவணும், சட்டை மாட்டணும் என்பார்கள் எல்லோரும்.
“பஸ்ல துண்டு போடணும் மேடம்.”

அறந்தாங்கி பஸ் நிலையத்துக்குள் திரும்பும்போதே
பக்கத்தில் ஓடி, சன்னல் கம்பிக்கு நடுவே
தோளில் கிடக்கும் துண்டை எறிந்துவிட்டால்
சீட்டு நம்முடையது.
நாலு மாதமாக நின்றுகொண்டே போகிறாராம்.
மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று சாயங்காலம் தையல் டேப்போடு போய்
சன்னலை அளந்தேன்.
“என்ன பாப்பா, பஸ்சுக்குச் சட்டை தைக்கிறியா?”
என்றார் கண்டக்டர்.
சன்னல் உயரம், அவர் உயரம், கொஞ்சம் முக்கோணக் கணக்கு,
வந்த விடை நூற்று நாற்பது டிகிரி.
சீட்டை மேடத்திடம் நீட்டினேன்.
படித்தார். கேஸ் தாளோடு பின் குத்தினார்.
அவ்வளவுதான்.

இந்தக் கடிதமும் அதுதான் என்று
கொசுவலைக்குள் படுத்தபடி தோன்றியது.
முகம் தெரியாத யாரோ
கிளம்பாத ஒரு பஸ்சோடு ஓடி
எனக்கு ஒரு துண்டு போட்டிருக்கிறார்கள்.
துண்டை எடுத்துக் கம்பியில் தொங்கவிட்டு
உட்கார்ந்துகொள்கிறவர்களும் உண்டு.
அந்த பஸ்சில்தான் நான் பள்ளிக்கூடம் போய் வருகிறேன்.

நூறு மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது.
பரீட்சை முடிந்த சனிக்கிழமை போனேன்.
வெள்ளைக்கண்ணு சுவரேணியில்
விரல்களால் ஏறிக்கொண்டிருந்தார்.
நூற்றுப் பதினெட்டு.
சேதி சொன்னதும் திரும்பாமலே கேட்டார்:
“ஒனக்கு ஆறு வருசம்னு எழுதிக் குடுத்துட்டாங்க.
எனக்கு எத்தனை மாசம் தாயி?”

நாக்கு நுனியில் ஒரு எண் இருந்தது.
சொல்லக்கூடாது. நான் இன்னும் யாருமில்லை.
உள்ளறையில் மேடம் மெழுகு உருக்கும் வாசனை.
“கேட்டுச் சொல்றேன்.”
சரி என்றார்.
நடுவிரல் அடுத்த படியைத் தொட்டு,
நடுங்கி, ஒரு படி இறங்கி,
அங்கேயே நின்றது.